பெயர் தமிழ், படகு எவருடையது?

உலகம் ‘கேட்டமரான் பந்தயம்’ என்று அழைக்கும் போட்டிகளில் கட்டுமரம் எதுவும் ஓடுவதில்லை. இந்த எளிய செய்தியை ஏற்க மறுப்பதில் தமிழ் ஆய்வுலகம் காட்டிவரும் உறுதி வியப்புக்குரியது. கடல்சார் வரலாறு பற்றிய கருத்தரங்கம் எதுவாயினும், யாரேனும் ஒருவர் எழுந்து, ஆங்கில அகராதியில் இடம்பெற்ற ‘கேட்டமரான்’ என்ற சொல்லைக் காட்டி, இரட்டை உடற்படகைக் கண்டுபிடித்தவன் தமிழன் என்று முடிக்கிறார். அவையும் கைதட்டுகிறது. சீறும் காற்றில் நீருக்கு மேலே பறந்து செல்லும் பந்தயப் படகின் காணொளி ஒன்று கிடைத்துவிட்டால், ‘எங்கள் கட்டுமரம் இன்று உலகை ஆள்கிறது’ என்ற வாசகத்தோடு ஆயிரம் பேர் அதைப் பகிர்கிறார்கள். பகிர்வோரில் முனைவர் பட்டம் பெற்றோர் குறைவில்லை.

சொல் தமிழருடையது என்பதில் ஐயமில்லை. அந்தச் சொல் ஒட்டப்பட்ட படகு தமிழருடையது அன்று. அப்படகின் உண்மையான உறவினத்தை இந்திய ஆட்சிப் பரப்புக்குள்ளேயே காணலாம். நிகோபார்த் தீவுகளின் கடற்கரைகளில், ஹோடி என்ற பெயரில் அது இன்றும் மிதக்கிறது, பந்தயமும் ஓடுகிறது. அதைத் தமிழ்க் கடல்சார் ஆய்வு ஏறெடுத்தும் பார்த்ததில்லை. பாராததற்குக் காரணம் தொலைவு மட்டுமென்று சொல்லித் தப்ப முடியாது.

முதலில் கடலையே சாட்சிக்கு அழைக்கலாம். ஒரு படகின் குலம் எதுவென்று கொந்தளிப்பான நீரில்தான் தெரியும். அமைதியான ஏரியில் எல்லாப் படகும் ஒன்றுபோலவே இருக்கும். 2017 ஜூன் 6ஆம் நாள் பெர்முடாவில் அமெரிக்கக் கோப்பைக்கான தகுதிச் சுற்றின் அரையிறுதி நடந்தது. போட்டியின் விதிப்படி காற்று மணிக்கு 24 கடல்மைலைத் தாண்டினால் பந்தயம் நடைபெறாது. அன்றைய காற்று அந்த எல்லையை நெருங்கி வீசியது. ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுள்ள நியூசிலாந்து அணியின் இரட்டை உடற்படகு, தொடக்கக் கோட்டை நோக்கித் திரும்பிய நொடியில், இரு முகப்புகளும் நீருக்குள் குத்திட, பின்புறம் வானை நோக்கி எழ, நின்ற நிலையில் கவிழ்ந்தது. வீரர் சிலர் கடலில் தூக்கியெறியப்பட்டனர், உயிரிழப்பு இல்லை. அதே அணி அம்மாத இறுதியில் கோப்பையை வென்றது. நான்கு ஆண்டுகளுக்கு முன் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. 2013 மே 9ஆம் நாள், ஏறத்தாழ 22 மீட்டர் நீளமுள்ள சுவீடன் அணியின் படகு பயிற்சியின்போது கவிழ்ந்து உடைந்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பொன் வென்ற பிரித்தானிய வீரர் ஆண்ட்ரூ சிம்ப்சன் அதில் உயிரிழந்தார்.

இவ்விரு விபத்துகளும் அந்தப் படகின் இயல்பைக் காட்டுகின்றன. ஒடுங்கிய உடல் விரைவாக ஓடும். ஆனால் ஒடுங்கிய உடல் நிற்காது, புரளும். ஆகவே ஒன்றுக்கு இரண்டாக ஒடுங்கிய உடல்களை இடைவெளி விட்டுக் குறுக்குச் சட்டங்களால் பிணைக்கிறார்கள். அகலம் நிலைப்பைத் தருகிறது, ஒடுக்கம் விரைவைத் தருகிறது. ஓர் எல்லை வரை இதற்கு இணையே கிடையாது. அந்த எல்லை கடந்து கவிழ்ந்துவிட்டால், தானாக நிமிர்வதற்கு அதற்கு வழியில்லை.

கட்டுமரம் இந்தக் கணக்கிலேயே சேராது. அது இலேசான மரத்தண்டுகளை வளைவு பார்த்துச் செதுக்கி, கயிற்றால் பிணைத்த மிதவை. தண்டுகளுக்கிடையே நீர் ஏறும், வடியும். அலை மேலே புரண்டு போகும். கட்டுமரத்துக்குள் நீர் புகுந்து மூழ்கிற்று என்று எவரும் சொல்ல முடியாது. நீர் புகுவதற்கு அதில் ‘உள்’ என்று ஒன்று கிடையாது. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, தண்டுகளைத் தனித்தனியாக மணலில் உலர்த்துவார்கள். அலை மடங்கி உடையும் சோழமண்டலக் கரையில், துறைமுகமோ கழிமுகமோ இல்லாத ஊர்களிலிருந்து நாள்தோறும் கடலுக்குள் போய்வர இதைவிடப் பொருத்தமான கருவி தோன்றியதில்லை. சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் அமைவதற்கு முன், ஐரோப்பியரின் பெருங்கப்பல்கள் கரையை நெருங்க அஞ்சித் தொலைவில் நங்கூரமிட்டு நின்ற காலத்தில், மற்றப் படகுகள் இறங்கத் துணியாத நாட்களிலும் கடிதங்களைச் சுமந்து சென்றவர்கள் கட்டுமரக்காரர்களே. நாகப்பட்டினப் பக்கத்தில் கோலா மீன் பிடிக்கவென்று பெரிய கோலாமரங்கள் கட்டப்பட்டன. இந்த மரபு எவருடைய மரபுக்கும் இளைத்ததன்று. ஆனால் இது வேறு மரபு. இரட்டை உடற்படகு அலையோடு அகலத்தால் போராடுகிறது. கட்டுமரம் அலையைத் தன்னூடே போகவிடுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பார், கட்டிலிலிருந்து ஊஞ்சல் பிறந்தது என்றும் சொல்லக்கூடும். இரண்டிலும் பலகை உண்டே!

அப்படியாயின் பெயர் எப்படி இடம் மாறிற்று? ஆங்கிலேயர் இச்சொல்லைக் கையாண்ட வரலாறு நகைப்புக்கிடமானது. 1804இல் பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் நின்ற நெப்போலியனின் கப்பல்கள்மீது ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த வெடிப்பெட்டிகளை மிதக்கவிட்டார்கள். அந்த வெடிப்பெட்டிகளுக்கும் ‘கேட்டமரான்’ என்றே பெயர். பின்னர் சண்டைக்காரப் பெண்ணைக் குறிக்கும் வசைச்சொல்லாகவும் அது வழங்கிற்று. இவ்விரண்டையும் ‘தமிழன் உலகுக்கு அளித்த கொடை’ பட்டியலில் எவரும் சேர்ப்பதில்லை. சொல்லின் பயணத்தைக் கொண்டே பொருளின் பிறப்பை நிறுவலாம் என்ற முறையியல் சரியானால், அவற்றையும் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

இரட்டை உடற்படகின் ஐரோப்பிய வரலாறு இச்சொல் வந்து ஒட்டுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1660களில் வில்லியம் பெட்டி, ஆம், பொருளியல் மாணவர்கள் அறிந்த அதே பெட்டி, அயர்லாந்தில் இரட்டை அடிப்படகுகளைக் கட்டிப் பந்தயத்திலும் விட்டார். அவற்றில் ஒன்று பின்னர் புயலில் மறைந்தது. அவர் அதைக் கேட்டமரான் என்று அழைக்கவில்லை. 1876இல் நியூயார்க்கில் நடந்த நூற்றாண்டு விழாப் பந்தயத்தில் நதானியேல் ஹெரஷாஃப் கட்டிய ‘அமரில்லிஸ்’ மற்ற எல்லாப் படகுகளையும் பின்தள்ளிற்று. தோற்றவர்கள் முறையிட்டார்கள், இது படகே அன்று என்ற பொருளில் அது விலக்கப்பட்டது. அந்தக் காலப்பகுதியில்தான் ‘கேட்டமரான்’ என்ற பெயர் இரட்டை உடற்படகின்மீது உறுதியாக ஏறியது. நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1988இல், சான் டியேகோவில் அமெரிக்கர்கள் இரட்டை உடற்படகைக் கொண்டுவந்து நியூசிலாந்தின் மாபெரும் ஒற்றை உடற்படகை வென்றபோதும் வழக்கு நீதிமன்றம் ஏறியது. மேட்டுக்குடிப் படகு மன்றங்கள் இந்த வடிவத்தைப் பல காலம் தீண்டத்தகாததாகவே நடத்தின. 1976 முதல் ‘டொர்னாடோ’ வகை ஒலிம்பிக்கில் இடம்பெற்ற பிறகே அதற்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. இந்த வரலாற்றின் எந்தப் பக்கத்திலும் சோழமண்டலக் கட்டுமரக்காரர் எவரும் இல்லை. ஆனால் பசிபிக் தீவு மக்களின் இரட்டைத் தோணிகளும் பக்க மிதவைத் தோணிகளும் உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒடுங்கிய உடல், குறுக்குச் சட்டம், மிதவை என்ற விடையைக் கடலின்மீது சோதித்துச் சரிபார்த்தவர்கள் அவர்களே.

இந்த இரு மரபுகளையும் ஒருசேரக் கண்டு எழுதிய மனிதர் ஒருவர் உண்டு. வில்லியம் டேம்பியர். கடற்கொள்ளையராகத் தொடங்கிக் கூர்த்த நோக்குடைய இயற்கையியல் எழுத்தாளராக முடிந்தவர். ‘கேட்டமரான்’ என்ற சொல்லின் தொன்மையை நிறுவ விரும்புவோர் எல்லாரும் 1697இல் வெளிவந்த அவருடைய உலகப் பயண நூலையே காட்டுகிறார்கள். தென் அமெரிக்கக் கரையில் கண்ட மிதவைகளை விவரிக்கும்போது, சோழமண்டலக் கரையிலும் இத்தகையவை உண்டு, ஒன்றிரண்டு தண்டுகளாலான அவற்றில் செல்பவனின் கால்கள் எப்போதும் நீரிலேயே இருக்கும் என்று அவர் ஒப்பிட்டுச் சொல்கிறார். மிதவையைத் தவிர வேறெதையும் அவர் அப்பெயரால் அழைக்கவில்லை. அந்தப் பகுதி மேற்கோளாகிறது. அதே நூலின் மற்றொரு பகுதி, தமிழ் ஆய்வேடுகளில் மேற்கோளாவதேயில்லை.

1688 மே மாதத்தில், தாம் சலிப்புற்ற கொள்ளைக் கப்பலை விட்டு, டேம்பியர் நிகோபாரில் கரையிறங்கினார். அவருடன் ஆங்கிலேயர் இருவர், போர்த்துகீசிய வழியினர் ஒருவர், சுமத்திராவின் ஆச்சே நாட்டினர் நால்வர். ஒரு கோடரியைக் கொடுத்துத் தீவு மக்களிடம் ஒரு தோணியை வாங்கினார்கள். பொருள்களை ஏற்றிப் புறப்பட்ட உடனேயே தோணி புரண்டது. பெட்டிகளும் நாட்குறிப்புகளும் நனைந்தன. ஆங்கிலேயர்கள் தாள்களைத் தீயருகே வைத்து உலர்த்திக்கொண்டிருந்த நேரத்தில், ஆச்சேயர்கள் வேலையில் இறங்கினார்கள். புதிய பாய்மரம் வெட்டினார்கள். தோணியின் பக்கங்களில் உறுதியான மிதவைகளைக் கழிகள் கொண்டு பிணைத்தார்கள். நிகோபார் மக்களின் உணவான தாழங்கனி அப்பமும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு எண்மரும் சுமத்திராவை நோக்கிக் கிளம்பினார்கள்.

நடுக்கடலில், கதிரவனைச் சுற்றிப் பெரிய வட்டம் ஒன்று தோன்றியதைக் கண்டு டேம்பியர் அஞ்சினார். அஞ்சியபடியே புயல் வந்தது. காற்று பக்கவாட்டில் அழுத்த அழுத்த, மிதவைகளைத் தாங்கிய கழிகள் வில்லாக வளைந்தன. அவை முறிந்தால் தோணி புரளும், எண்மரும் மடிவர் என்பதை அவர் உணர்ந்தார். பல கடல்களில் பல இடர்களைக் கண்டவர், அந்த இரவில் தம் பழைய வாழ்வை எண்ணி வருந்தியதாக எழுதுகிறார். கழிகள் முறியவில்லை. சுமத்திரா கண்ணில் பட்டது.

இந்தப் பகுதியைத் தமிழ்க் கடல்சார் ஆய்வாளர் எவரும் கட்டாயப் பாடமாகப் படிக்க வேண்டும். ‘கேட்டமரான்’ என்ற சொல்லை ஆங்கில வாசகருக்கு அறிமுகப்படுத்திய அதே கை, புயலில் உயிர்காத்த பக்க மிதவையைப் பற்றியும் எழுதியிருக்கிறது. சொல்லைத் தந்தது ஒரு கரை. இன்று ‘கேட்டமரான்’ எனப்படுவதன் தத்துவத்தைச் செயலில் காட்டியவை வேறு கைகள். நூல் ஒன்றே, மேற்கோள் காட்டுவோர் ஒரு பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிட்டார்கள்.

இனி ஹோடிக்கு வரலாம். ஒரே அடிமரத்தைக் குடைந்து, ஒரு பக்கத்தில் மிதவை பிணைத்த தோணி அது. தீவுக்குத் தீவு வடிவில் சிறு வேறுபாடுகள் உண்டு. அதன் அளவு முறை கவனத்துக்குரியது: முடிந்த தோணியின் நீளம் அகலத்தைப்போல் 12 மடங்கு இருக்க வேண்டும், செதுக்கப்படாத அடிமரத்தின் நீளமோ அகலத்தைப்போல் 15 மடங்கு. வரைபடமும் கணினியும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த விகிதம் இது. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஒடுக்கம் தனித்து நின்றால் முதல் அலையிலேயே புரண்டுவிடும். பக்க மிதவைதான் அதை நிமிர்த்தி வைக்கிறது. பெர்முடாவில் பறந்த படகின் அடிப்படைக் கணக்கும் இதுவே. விரைவுக்காக உடலை ஒடுக்கு. நிலைப்பை வெளியே, கைநீட்டித் தேடு. பொறியாளர்கள் கரிம இழையாலும் சிறகுப்பாயாலும் எழுதிய அதே வாக்கியத்தை நிகோபார் மக்கள் மரத்தாலும் கட்டாலும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஹோடி தனியாள் உடைமையாக எண்ணப்படுவதில்லை. ‘துஹேத்’ எனப்படும் கூட்டுக் குடும்பத்தின் செல்வம் அது. தேங்காய் ஏற்றவும், மீன்பிடிக்கவும், தீவு விட்டுத் தீவு செல்லவும் பயன்படும். பந்தயமும் உண்டு, ஊருக்கும் ஊருக்கும், தீவுக்கும் தீவுக்கும் இடையே. துடுப்பு வலிப்போர் வரிசையாக அமர்ந்து ஒரே இசைவில் வலிக்க, ஒடுங்கிய உடல் அலைமுகட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும்போது மிதவை மேலெழும்பாமலும் ஆழ்ந்துபோகாமலும் உடற்பாரத்தை மாற்றி மாற்றிச் சரிசெய்ய வேண்டும். பெர்முடாவில் திரையில் எண்களாக ஓடிய கணக்கு இங்கே இடுப்பிலும் தோளிலும் நடக்கிறது. வேறுபாடு ஒன்று உண்டு. கார் நிகோபார் பழங்குடிப் பாதுகாப்புப் பகுதி. 1956ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படி வெளியார் இசைவின்றி நுழைய முடியாது. ஆகவே இந்தப் பந்தயத்துக்கு விளம்பரதாரர் இல்லை, நேரலை இல்லை, பார்வையாளராக வந்து கைதட்டும் பேராசிரியர்களும் இல்லை. அவை இல்லாமலேயே அது நடக்கிறது என்பதுதான் சிலருக்குப் புரியாத செய்தி.

மேலும் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். எளிய சமன்பாடுகளை விரும்புவோருக்கு இது கசக்கும். பக்க மிதவை ஆஸ்திரோனேசிய மொழி பேசிய கடலோடிகளின் பரவலோடு இணைத்துப் பேசப்படுவது. நிகோபார் மொழிகளோ ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கெமெர், மோன், காசி மொழிகளின் உறவினர். அதாவது மொழி ஒரு வழியில் வந்திருக்கிறது, படகு வேறு வழியில் வந்திருக்கிறது. ‘ஹோடி’ என்ற பெயரையே பாருங்கள். மராத்தியிலும் கொங்கணியிலும் படகுக்கு ஹோடி என்று பெயர். நிகோபார் மொழிகளில் இத்தோணிக்கு வேறு சொற்கள் உண்டு. வெளியார் வாயில் வழங்கிய பெயரே அரசாவணங்களில் ஏறி நிலைத்தது எனக் கொள்வதே பொருத்தம். பெயரைக் கொண்டு உரிமை கொண்டாடுவதாயின், நாளை மராத்திய ஆய்வாளர் ஒருவர் எழுந்து நிகோபார்த் தோணியைக் கண்டுபிடித்தவர்கள் மராத்தியரே என்று கட்டுரை வாசிக்கலாம். தமிழ் அவை அப்போது சிரிக்கும். ‘கேட்டமரான்’ கட்டுரைக்கு மட்டும் ஏன் சிரிப்பு வருவதில்லை?

இதற்கு மறுப்பாக வழக்கமாக எழுவது ஜேம்ஸ் ஹார்னெல் பெயர். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த அவர் 1920இல் இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றி விரிவான ஆய்வு நூல் வெளியிட்டார். கட்டுமர வகைகளைத் துறை துறையாக நடந்து, அளந்து, வரைந்து வைத்த முதல் பெரும்பணி அது. இன்றுவரை அதற்கு நிகராகத் தமிழில் ஒன்று எழுதப்படவில்லை என்பதே வெட்கத்துக்குரியது. தென்னிந்தியக் கடற்கரைக்கும் பொலினீசியாவுக்கும் தொடர்பு உண்டென்று ஹார்னெல் கருதினார், ஆகவே இரட்டை உடற்படகு இங்கிருந்து சென்றிருக்கலாம் என்கிறார்கள். நூலை அட்டையோடு நிறுத்திக்கொண்டவர்களின் வாதம் இது. ஹார்னெலின் ஊகம் எதிர்த்திசையில் பாய்கிறது: கிழக்கிலிருந்து வந்த கடலோடிகளின் செல்வாக்கு தென்னிந்தியக் கரையின் படகுகளில் படிந்தது என்பதே அவர் சொன்னது. அந்த ஊகத்தின் இனவியல் பகுதி பழையது, ஏற்கத்தக்கதன்று. ஆனால் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவோர், அவர் சொல்வதைக் கேட்கவாவது வேண்டும்.

‘ஒரு சொல்லைப் பற்றிப் பெருமை கொள்வதால் யாருக்கு என்ன நட்டம்’ என்று கேட்போரும் உண்டு. நட்டம் இரு கரைகளிலும் உண்டு. தமிழ்க் கரையில், பெருமை ஏறிய அதே முப்பது ஆண்டுகளில் கட்டுமரம் மறைந்தது. கண்ணாடியிழைப் படகும் வெளிப்பொறியும் வந்தன; 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வழங்கப்பட்ட கண்ணாடியிழைப் படகுகள் அந்த மாற்றத்தை விரைவுபடுத்தின. மீனவர் மாறியதில் குற்றமில்லை, பிழைப்பு அவர்களுடையது. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. கட்டுமரம் கட்டத் தெரிந்த கடைசித் தலைமுறை உயிரோடு இருக்கும்போது, தண்டின் வளைவை எப்படித் தேர்ந்தார்கள், வாடையில் எந்தக் கட்டு, கோடையில் எந்தக் கட்டு, உடையும் அலைகளில் எத்தனையாவது அலையைக் கணக்கிட்டு வெளியே பாய்ந்தார்கள் என்பதைப் பதிவு செய்யாமல், அகராதிச் சொல்லைக் கட்டிக்கொண்டு அழுத பல்கலைக்கழகங்களுடையது அந்தக் குற்றம்.

நிகோபார்க் கரையில் நட்டம் இன்னும் ஆழமானது. தமிழ் ஆய்வுக்கு நிகோபார் என்றால் ஒரே நினைவுதான்: முதலாம் இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பும், தஞ்சைக் கல்வெட்டில் வெற்றிப் பட்டியலில் வரும் மாநக்கவாரமும். கூடுதலாக ஒருவர் மணிமேகலையைப் புரட்டினால், மரக்கலம் உடைந்து, ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் தீவில் ஒதுங்கும் சாதுவனைக் கொண்டுவருவார். அந்தத் தீவு நக்கவாரமே என்று துணிவார் துணிவர். இரு நினைவுகளிலும் தீவினர் பேசுபொருள் மட்டுமே. ஒன்றில் தோற்றவர்கள், மற்றொன்றில் ஆடையற்ற, மனிதரைத் தின்னும், வணிகன் வந்து அறம் சொல்லித் திருத்த வேண்டியவர்கள். அவர்களும் கடலோடிகள், அலையை அறிந்த கணக்கர்கள் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. சோழர் கட்டுமரங்களில் ஏறியே கடாரம் சென்றார்கள் என்றுகூடச் சிலர் எழுதுகிறார்கள். மெய்க்கீர்த்தி சொல்வது கலம். ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகலமுள்ள பத்துப் பாகைக் கால்வாயின் நீரோட்டத்தைப் படையணிகளோடு மிதவையில் கடப்பதென்பது புலவர் கற்பனைக்கும் சற்று மிகையே.

2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றப்பட்டது. அறிவிப்பில் சோழரின் கடற்படைத் தளம் என்ற பெருமையும் இணைந்திருந்தது. சோழன் சூறையாடிய அரசின் பெயர் ஸ்ரீவிஜயம் என்பதை எண்ணும்போது, வரலாற்றுக்கும் நகைச்சுவை உணர்வு உண்டென்று தோன்றுகிறது. தமிழ் ஆய்வுலகம் இதற்கு மகிழ்ந்தது. 2011 கணக்கெடுப்பின்படி அத்தீவுக் கூட்டத்தில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். நிகோபார் மொழிகளைப் பேசுவோர் 30 ஆயிரத்துக்கும் குறைவு. எண்ணிக்கையில் பெரிதான ஒரு சமூகத்தின் அறிஞர்கள், அருகில் வாழும் சிறிய சமூகத்தைப் பற்றி இத்தனை பாராமுகமாக இருப்பது வெறும் மறதி ஆகாது.

நிகோபாரில் தமிழருக்கு நினைவு வேண்டுமாயின் ஆயிரம் ஆண்டு பின்னோக்கிச் செல்லத் தேவையில்லை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டின் விளைவாக இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் சில கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு இடம்பெயர்க்கப்பட்ட அந்த மக்கள் நிகோபார்க் குடிகளுக்கு அண்டையராக வாழ்ந்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் கச்சாலைச் சிதைத்த பேரலை, தமிழர் என்றும் நிகோபாரியர் என்றும் பார்க்கவில்லை. அந்த அண்டை வாழ்வைப் பற்றிய ஆய்வுகள், மாநக்கவாரம் பற்றிய கட்டுரைகளின் எண்ணிக்கையில் நூற்றில் ஒரு பங்காவது இருக்குமா? வென்ற அரசனோடு உறவு கொண்டாடுவது எளிது. இரப்பர்ப் பால் வெட்டிய கைகளோடு உறவு கொண்டாடினால் கருத்தரங்கில் பொன்னாடை கிடைக்காது.

இப்போது ஹோடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பழங்குடியினர் மேம்பாட்டு மன்றம் விண்ணப்பித்துப் பெற்ற சான்று; மதிக்கத்தக்கது. ஆனால் சான்றிதழைக் குடைந்து தோணி செய்ய முடியாது. அகலத்தைப்போல் 15 மடங்கு நீளத்துக்கு வளர்ந்த மரம் வேண்டும். அதை இறக்கும் கரை வேண்டும். கரையில் ஊர் வேண்டும். பெரிய நிகோபாரில் இம்மூன்றும் இன்று வழக்கில் நிற்கின்றன. கலத்தியா விரிகுடாவின் வனவிலங்குப் புகலிடம் 2021 சனவரியில் நீக்கப்பட்டது. சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம் ஆகியன அடங்கிய திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அதற்காக மாற்றப்படும் காடு 130.75 சதுர கிலோமீட்டர். வெட்டப்படும் மரங்கள் 9.64 இலட்சம் என்று அரசே கணக்குச் சொன்னது. ஆழிப்பேரலைக்குப் பின் தம் பழைய ஊர்களிலிருந்து முகாமுக்கு மாற்றப்பட்ட நிகோபாரியர், அந்த ஊர்களுக்குத் திரும்பவே இன்றளவும் கேட்கிறார்கள். முதலில் தந்த இசைவை அதே நவம்பரில் பழங்குடி மன்றம் திரும்பப் பெற்றது. தங்கள் மூதாதையர் நிலமும் திட்டப் பரப்புக்குள் வருவது முன்பே தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பது அவர்கள் கூறிய காரணங்களில் ஒன்று.

கடல்சார் வரலாற்றில் தமிழின் பங்கைப் பற்றி நூறு கருத்தரங்குகள் நடத்தியவர்களிடமிருந்து, இந்தியாவில் உயிரோடிருக்கும் இந்தப் படகு மரபின் கரையைப் பற்றி ஒரு தீர்மானம் வந்ததா? வராது. அத்தீவு அவர்களுக்குக் கல்வெட்டில் ஒரு சொல். கல்வெட்டுச் சொல்லுக்கு ஊர் தேவைப்படுவதில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு வேலை இல்லாமல் இல்லை. ‘கேட்டமரான்’ என்ற சொல் ஆங்கிலத்தில் மிதவையிலிருந்து வெடிப்பெட்டிக்கும், அங்கிருந்து இரட்டை உடற்படகுக்கும் நகர்ந்த பாதையை மூல ஆவணங்களோடு தமிழில் எழுதியவர் இல்லை. அது ஒரு நல்ல ஆய்வேடு. டேம்பியரின் நிகோபார்ப் பகுதியைக் குறிப்புரையோடு மொழிபெயர்ப்பது இன்னொன்று. கட்டுமரம் கட்டிய கைகளைத் தேடித் தரங்கம்பாடியிலிருந்து குமரி வரை நடப்பது மூன்றாவது. இதற்குக் காலம் மிகக் குறைவு. ஹோடியை ஆராய விரும்புவோருக்கு முன்னிபந்தனை ஒன்றே: நிகோபார் மொழி ஒன்றைக் கற்க வேண்டும், அல்லது அம்மொழியைப் பேசும் மாணவர் அந்த ஆய்வைச் செய்ய இடம்விட வேண்டும். அனுமதி கிடைக்காத தீவைப் பற்றி எழுத வழியில்லை என்போர், அனுமதியே தேவைப்படாத சோழனின் தீவைப் பற்றி இத்தனை காலம் எழுதியதற்கு முதலில் விடை சொல்லட்டும்.

அடுத்த முறை பறக்கும் படகின் காணொளியைப் பகிர விரல் நீளும்போது, படகின் இரு உடல்களுக்கும் நடுவே உள்ள குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். 1688இல் ஆச்சேயர்கள் நிகோபார்க் கரையில் வெட்டிப் பிணைத்த கழி அது.